ஓட்மார் பேசாத ஆறு புத்தகங்கள்

நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒரே ஒரு பேச்சுப் பலூன்தான் இருந்தது. அந்தப் பலூனுக்குள் ஒரே ஒரு சொல்.

கலைப்பிரியா காலை ஒன்பது மணியிலிருந்து அந்தச் சொல்லை அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் கத்துவது போலிருந்தது. சிறிதாக்கினால் முனகல் போலிருந்தது. படத்தில், பனிமலையின் ஒரு பிளவுக்குள் விழுந்து கிடக்கும் ஏழு வயதுச் சிறுமி, இருட்டில், நாலு பக்கமாக, ‘யாராவது இருக்கீங்களா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மேலே விளிம்பில் குப்புறப் படுத்திருக்கிறான் இந்தச் சித்திரக்கதையின் நாயகன் ஓட்மார். கயிறு எட்டவில்லை. கைவிளக்கு அணைந்துவிட்டது. உதவிக்கு ஆட்கள் வந்து சேர விடிந்துவிடும். அதுவரை அவள் கண் மூடிவிடக் கூடாது. சின்ன வயதில் பனிச்சரிவில் வீட்டாரைப் பறிகொடுத்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவன், ஏழு புத்தகங்களில் முதல் தடவையாக வாயைத் திறக்கிறான்.

‘இருக்கேன்.’

அதோடு கதை முடிகிறது. ஏழு புத்தகங்களும் முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடந்திருக்கின்றன.

ஆனால் தமிழில் ஓட்மார் ஏற்கெனவே ஆறு தடவை பேசிவிட்டான். பேச வைத்தது கலைப்பிரியாதான்.

“முடிஞ்சிடுச்சாம்மா?” என்று கேட்டுக்கொண்டே சர்புதீன் படியேறி வந்தார். திண்டிவனத்தில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறைகள்தான் அவருடைய பதிப்பகம். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, மற்றவர்கள் டிவியும் கம்பளியும் கொண்டுவந்தபோது, இரண்டு பெட்டி நிறையச் சித்திரக்கதைகளோடு திரும்பி வந்த மனிதர். “அஞ்சு மணிக்கு ஃபைல் பிரஸ்ஸுக்குப் போயாவணும். பாண்டிலருந்து ரெண்டு தபா போன் வந்துச்சு.”

“முடிஞ்சிடுச்சு பாய்.”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். நாற்பத்தாறிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். முதல் பக்கம் வரை போய் நிமிர்ந்தார்.

“ஓட்மாரோட வரி எங்கம்மா?”

அவள் மறுபடி நாற்பத்தாறாம் பக்கத்தைத் திறந்தாள்.

“கலை, வரி எங்க?”

“வைக்கல பாய். இந்தப் புக்குல வேணாம்.”

சர்புதீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைபேசியைத் திறந்து அவள் முன்னால் நீட்டினார். ‘ஓட்மார் குடும்பம்’ என்ற வாட்ஸப் குழு. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு புத்தகம் வருவதற்கு முன்பும் அங்கே ஒரு பந்தயம் நடக்கும். ஓட்மார் வழக்கமாகச் சொல்லும் வரி எந்தப் பக்கத்தில் வரும்? சரியாகச் சொல்பவருக்கு மேடையில் முதல் பிரதி. இந்தத் தடவை நானூறு பேருக்கு மேல் நாற்பத்தாறு என்று போட்டிருந்தார்கள்.

“கடைசிப் பக்கத்துலதான் வரும்னு எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க. அங்கயே வச்சிட்டா முடிஞ்சுது. இருக்கேன்னு ஒரு பலூன், அதுக்குக் கீழ ‘பனிக்கு என்னைத் தெரியும்’னு இன்னொரு பலூன். விசில் பறக்கும்.”

“அவன் மொத மொத பேசுறதே அந்தப் பக்கத்துலதான் பாய்.”

“ஜெர்மன்காரனுக்கு மொத தபா. நம்ம ஊர்ல ஆறு வருஷமா பேசிக்கினுதானே இருக்கான்? சரி, நீ வரிய எடுத்துட்டேன்னே வச்சுக்க. என்ன ஆவும்? ஆறு புக்குல பேசினவன் ஏழாவதுலயும் பேசுறான், அவ்ளோதான். பஞ்ச் டயலாக் போச்சு, அந்த ஒத்தச் சொல்லுக்கும் மரியாதை இல்ல. ரெண்டும் நஷ்டம்.”

அவர் சொன்னது சரிதான்.

முதல் புத்தகம் வந்தபோது கலைப்பிரியாவுக்கு இருபது வயது. மொழிபெயர்ப்பு செல்வகுமார், பலூன்களில் எழுத்துப் பதிப்பது அவள் வேலை. வெளிநாட்டிலிருந்து படங்கள் வசனம் இல்லாமல் வெறும் பலூன்களோடு வந்தன. வசனங்கள் தனித் தாளில், பக்க எண்ணும் கட்ட எண்ணும் போட்டு. யார் பேசுவது என்று அதில் இராது. பேசுபவரின் வாயை நோக்கி நீளும் பலூனின் வாலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பதினோராம் பக்கத்தில், ‘பனிக்கு என்னைத் தெரியும்’ என்ற வசனத்துக்கான பலூன் வால் இல்லாமல் வந்திருந்தது. கட்டத்தில் பனியைப் பார்த்து நிற்கும் ஓட்மாரைத் தவிர வேறு ஆள் இல்லை. அவள் வாலை வரைந்து அவன் வாயருகே கொண்டுபோய் விட்டாள்.

அது கட்டத்துக்கு வெளியே நின்ற கிழட்டு வழிகாட்டி லோரென்ஸ் சொன்னது என்று இரண்டாம் புத்தகத்தின் படங்கள் வந்தபோதுதான் தெரிந்தது. அதில் ஒரு மருத்துவர், ‘இவன் பேசியே இருபது வருஷமாச்சு’ என்கிறார். அதற்குள் ஊரெங்கும் ‘பனிக்கு என்னைத் தெரியும்’ பரவிவிட்டது. சர்புதீன் யோசித்துவிட்டு, மருத்துவரை ‘இவன் அதிகம் பேச மாட்டான்’ என்று சொல்ல வைத்தார். புத்தகத்துக்கு ஒரு தடவை அந்த வரி வந்தது. ஐந்தாம் புத்தகத்தில் மனசு கேளாத செல்வகுமார் அதைப் பேச்சுப் பலூனிலிருந்து நினைவுக் குமிழுக்கு மாற்றிப் பார்த்தார். ஒரு மாதம் அவர் கைபேசி ஓயவில்லை. அவர் படத்துக்கு ரசிகர்கள் செருப்பு மாலை போட்டுச் சுற்ற விட்டார்கள். மகள் படிக்கும் பள்ளியின் பெயரை யாரோ போட்டார்கள். அவர் எழுதுவதையே விட்டுவிட்டு இன்சூரன்ஸ் ஆபீஸில் போய் உட்கார்ந்தார். ‘தப்பு அந்தப் பொண்ணோடது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். சொல்லவில்லை.

“குரூப்புல இருக்கிறவங்ககிட்ட உண்மைய சொல்லிட்டா?” என்றாள் கலைப்பிரியா.

சர்புதீன் அவளை உற்றுப் பார்த்தார்.

“ஓட்மார் பேசவே இல்லன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிட்டா, அந்தச் சொல்லு மொத சொல்லாயிடும் பாய். வேற வழியே இல்ல.”

“செல்வகுமார் கதி தெரியுமில்ல?”

“தெரியும்.”

“குரூப்ப நடத்துற வல்லரசுகிட்ட யார் சொல்றது? அந்த வரிய கையில பச்ச குத்தியிருக்கான்மா அவன்.” அவர் எழுந்து ஜன்னலருகே போனார். கீழே ஆரன் சத்தம். “நீ போய் சொல்லு. அவன் சரின்னா நான் சரி. குரூப்பு அவன் கையில. அவன் மாட்டேன்னா வரிய நானே வைக்கிறேன், எனக்கும் பலூன் போடத் தெரியும். அஞ்சு மணி வரைக்கும்தான். ஜல்தியா போ.”

அப்போது மணி ஒன்றே முக்கால்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடிக்கணினிப் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் இரும்புக் கம்பியில் ஏறிக் கையைச் சுட்டது.

ஓட்மாரை அவள் முதலில் பார்த்தது இப்படி ஒரு மத்தியானத்தில்தான். கண்டமங்கலத்தில் அவள் வீட்டில் மல்லாட்டைக் கடலை பிடுங்கும் காலம். முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே, காப்பாற்றியவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பனிக்குள் திரும்பிப் போகிற ஒருவனை அவள் காகிதத்தில் கண்டாள். அவன் போன பிறகு அந்தத் தேநீரின் ஆவி மட்டும் ஒரு கட்டம் முழுக்க வரையப்பட்டிருந்தது. அந்தக் கட்டத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. முதல் வருஷம் வாசகர் கடிதம் மூன்றுதான் வந்தது. மூன்றும் அவளுக்கு மனப்பாடம்.

பிறகு குழு வந்தது. காலை வணக்கம் சொல்லும் ஓட்மார். பொங்கல் பானையோடு ஓட்மார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓட்மார். கோடைச் சிறப்பிதழ், தீபாவளிச் சிறப்பிதழ், காலண்டர், சாவிக்கொத்து, டீ கப். ரஞ்சித் என்பவன் அந்த வரிக்குக் கட்டைக் குரல் கொடுத்து ரீல்ஸ் போட்டான். அது விழுப்புரம் ஆட்டோக்களின் பின்கண்ணாடி வரை போயிற்று. விக்கிரவாண்டியில் ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளைக்கு மேலே ஓட்மார் நின்றான். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், பூந்தொட்டிகளுக்கு நடுவே, ‘பனிக்கு என்னைத் தெரியும்’. எந்தப் புத்தகத்தில் எத்தனை கட்டம் என்று சொல்லத் தெரியாதவனுக்குக் குழுவில் ‘டூப்பு’ என்று பெயர். புதிதாக வந்து சந்தேகம் கேட்ட ஒரு கல்லூரிப் பெண்ணை அரை மணி நேரத்தில் கேலி செய்தே விரட்டினார்கள்.

அவர்களை ஒரேயடியாக வெறுக்கவும் முடியவில்லை. வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவுத் தண்ணீரில் அவள் வீட்டுக்குப் பால் பவுடரும் மெழுகுவத்தியும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இவர்கள்தான், ஓட்மார் படம் போட்ட டி-சர்ட்டுகளோடு. ஆனால் இப்போதெல்லாம் அவள் பக்கத்தைத் திறந்தால் ஓட்மாரின் முகம் தெரிவதில்லை. கறுப்புக் கண்ணாடிதான் தெரிகிறது. அவன் பேசாமல் நிற்கும் கட்டங்களில்கூட ரஞ்சித்தின் குரல் கேட்கிறது. ஏழாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதன்முதலில் பார்த்த அன்று மட்டும் ஒரு நொடி எல்லாம் அடங்கி, பழைய ஓட்மார் தெரிந்தான். அந்த ஒரு நொடியைக் காப்பாற்றத்தான் இந்தப் பஸ்.

கூட்டேரிப்பட்டில் இறங்கியபோது இரண்டரை.

வல்லரசுவின் மொபைல் கடை சந்திப்புக்கு அருகில் இருந்தது. வாசல் முழுக்க ஃப்ளெக்ஸ் சுருள்கள். வெளியீட்டு விழாவுக்கான பேனர்கள். கடைக்குள் வல்லரசு ஒரு போனைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, இடது காலை நீட்டியே உட்காருவான். பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் துரைக்கண்ணு பேனர் வாசகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சித் ஸ்டூலில் உட்கார்ந்து போன் நோண்டிக்கொண்டிருந்தான்.

“வாம்மா கலை. இன்னா இந்த வெயில்ல?” என்றான் வல்லரசு. நீட்டிய முன்கையில் பச்சை எழுத்துகள், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை: பனிக்கு என்னைத் தெரியும்.

“கொஞ்சம் தனியா பேசணும்ண்ணே.”

“இங்க இருக்கிறது எல்லாம் நம்ம குடும்பம்தானே. சொல்லு.”

“எந்தப் பக்கம்னு சொல்ல வந்துக்கிறியாக்கா?” என்றான் ரஞ்சித். “சொல்லிடாத, பந்தயம் பூடும்.”

“புதுப் புக்க பத்தி ஒரு எழுத்து பேசக்கூடாது,” என்று வல்லரசு கையை உயர்த்தினான். “நானே முப்பது வாட்டி சர்புதீன் பாய்கிட்ட கேக்க வந்து வாய மூடிக்கினு இருக்கேன். விழாவுல பிரிச்சித்தான் படிப்பேன்.”

கலைப்பிரியா பையைத் திறந்தாள். வழியெல்லாம் வேறு மாதிரி யோசித்து வந்திருந்தாள். நாற்பத்தாறாம் பக்கத்தைக் காட்டிவிட்டால் போதும், எவனும் மறுக்க மாட்டான் என்று. இப்போது அவன் முகத்தைப் பார்த்ததும் அது முடியாது என்று தெரிந்தது. அந்தப் பக்கத்துக்காக ஒரு வருஷம் காத்திருப்பவனிடமே அதைப் பாழாக்கிவிட்டு, பிறகு யாருக்காகக் காப்பாற்றுவது? ஏழாம் புத்தகத்தின் தாள்களை உள்ளேயே விட்டுவிட்டு முதல் புத்தகத்தின் மூலப் பக்கத்தை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“புதுசு இல்லண்ணே. பழசு. பதினோராம் பக்கம்.”

மூன்று பேரும் குனிந்தார்கள்.

“பலூனுக்கு வால் இல்ல பாருங்க. இப்படித்தான் வந்துச்சு. அதுக்கு வால் போட்டு ஓட்மார் வாய்கிட்ட விட்டது நான்.” அவள் இன்னொரு தாளை எடுத்தாள். “இது ஜெர்மன் புத்தகத்தோட பக்கம். அப்புறம் வரவழைச்சிப் பாத்தோம். வால் எந்தப் பக்கம் போவுதுன்னு பாருங்க.”

வால் கட்டத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே போயிற்று.

“வெளிய யாரு?” என்றார் துரைக்கண்ணு.

“லோரென்ஸ்.”

“எந்த லோரென்ஸ்?”

வல்லரசு மெதுவாகச் சொன்னான்: “பதிமூணாம் பக்கத்துல செத்துப்போற கெழவன்.”

ரோட்டில் ஒரு லாரி பிரேக் போட்டது.

“போவாத போவாதன்னு எல்லாரும் தடுப்பாங்க. அவன் கேக்காம போவான்,” என்றான் வல்லரசு, தனக்கே சொல்லிக்கொள்வது போல. “அப்ப அந்தக் கெழவன்தான்… திமிர்ல சொல்லிட்டுப் போயி சாவுறான்.”

“ஓட்மாரு பேச மாட்டான்ண்ணே. ஆறு புக்குலயும் ஒரு வார்த்த பேசல. மத்த அஞ்சு தடவையும் நாங்களா வச்சது.”

ரஞ்சித்தின் போன் நிமிர்ந்து தன்னைப் படமெடுப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். “இன்னொரு வாட்டி சொல்லுக்கா. மொதல்லருந்து. ஆறு வருஷம் எங்கள கேனப்பசங்களாக்கினத சொல்லு.”

“ஆஃப் பண்ணுடா,” என்றான் வல்லரசு.

“எதுக்குண்ணே? குடும்பத்துக்குத் தெரிய வேணாமா? செல்வகுமாரு கொமிழுல போட்டதுக்கே அந்த ஆட்டம் ஆடினோம். இது அவன் பண்ணதுக்கெல்லாம் தாத்தா.”

“அவரு சரியா பண்ணாரு,” என்றாள் கலைப்பிரியா. “தப்பு என்னோடது. அவரு என் பேர சொல்லல.”

“ஆஃப் பண்ணுன்னேன்.”

ரஞ்சித் போனைத் தாழ்த்தினான். துரைக்கண்ணு அவன் தோளில் கைவைத்து, “வாடா, டீ குடிச்சிட்டு வரலாம்,” என்று வெளியே கூட்டிப் போனார்.

வல்லரசு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காலைத் தடவினான்.

“பைபாஸ்ல வண்டி தூக்கியடிச்சப்ப மூணு மாசம் படுத்த படுக்க. பிளேட் வச்சாங்க. நடப்பியா தெரியலன்னாங்க. அந்த ஒரு புக்குதான் கையில. வாக்கர புடிச்சிக்கினு மொத அடி எடுத்து வச்சப்ப இந்த வரியத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில எல்லாரும் சிரிச்சாங்க.”

“தெரியும்ண்ணே. குரூப்புல எழுதியிருந்தீங்க.”

“தெரிஞ்சுமா வந்து சொல்ற?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“இப்ப எதுக்குச் சொல்ற? ஆறு வருஷம் சும்மா இருந்தவ.”

“இந்தப் புக்குல அந்த வரி வரக் கூடாது. ஏன்னு கேக்காதீங்க. சொன்னா கெட்டுப்போயிடும்.”

அவன் நிமிர்ந்து அவள் பையைப் பார்த்தான். பையின் வாய் திறந்தே இருந்தது. தாள்களின் விளிம்பு தெரிந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரம். அவன் கை மேசையின் மேல் அசைந்தது. அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து டப்பாவில் போட்டான்.

“பைய மூடு மொதல்ல.”

மூடினாள்.

“நான் குரூப்புல ஒண்ணும் போட மாட்டேன். நீ செஞ்சத நீயே சொல்லு. தடுக்கவும் மாட்டேன், தாங்கவும் மாட்டேன்.”

அவள் கடை வாசலில், சுருட்டிய பேனர்களின் மேல் உட்கார்ந்து அடித்தாள். நீளமாக எழுதியதை அழித்துவிட்டு, ஆறு வரிகளில் நடந்ததைச் சொன்னாள். செல்வகுமாரின் பேரில் தப்பில்லை என்று ஒரு வரி. இரண்டு பக்கங்களின் படத்தையும் சேர்த்தாள். மூன்று ஐம்பதுக்கு அனுப்பினாள்.

முதல் ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கைபேசி அவள் உள்ளங்கையில் துடிக்கத் தொடங்கியது. பொய் என்றார்கள். ஃபோட்டோஷாப் என்றார்கள். யாரோ அழும் பொம்மைகளை வரிசையாக விட்டார்கள். ‘ஆறு வருஷ வாழ்க்கை’ என்று ஒருவர் எழுதிவிட்டு வெளியேறினார். ஐந்து, பத்து, முப்பது பேர் வெளியேறினார்கள். நாலரைக்கு அவள் எண்ணை ஒருவன் போட்டான். புதிய எண்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. நாலே முக்காலுக்கு அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: வாலக்கா.

சர்புதீன் அழைத்தது நாலு ஐம்பத்தைந்துக்கு. “இன்னாம்மா பேஜாரு பண்ணிட்ட. அவன்கிட்ட சொல்லச் சொன்னா நீ ஊருக்கே சொல்லிட்ட. இங்க கீழ கடைக்காரர் போனுக்கெல்லாம் கால் வருது. நான் வரிய வச்சி அனுப்பிடறேன், கொஞ்சம் அடங்கும்.”

“வேணாம் பாய்.”

“எனக்குப் பிரஸ் இருக்கு, குடும்பம் இருக்கு. வல்லரசு என்ன சொன்னான்?”

அவள் திரும்பிப் பார்த்தாள். வல்லரசு கல்லாவுக்குப் பின்னால் நின்று தன் போனில் ஓடுவதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஸ்பீக்கரைப் போட்டுக் கைபேசியை நீட்டினாள்.

“வல்லரசு, சொல்லுப்பா. நாலு நிமிஷம்தான் இருக்கு. வரி வைக்கவா, வேணாமா?”

வல்லரசு தன் முன்கையை ஒரு தரம் பார்த்தான்.

“பாய், அவன் பேசவே மாட்டானா? நெஜமாவா?”

“நெஜம்தான்பா. நானும் உடந்த.”

“அப்ப எடுத்துருங்க. செத்த கெழவன் வசனம் எதுக்கு அவன் வாயில?”

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீடு. அந்த இரண்டு வாரத்தைக் கலைப்பிரியா எப்படியோ ஓட்டியிருந்தாள். கைபேசியை அணைத்தே வைத்திருந்தாள். அப்பா, “யாரும்மா உன்ன திட்றாங்க, நெலத் தகராறா?” என்று கேட்டார். செல்வகுமார் ஒரு நாள் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். “இப்ப எப்டி இருக்கு?” என்று மட்டும் கேட்டார். “பயமா இருக்கு சார்,” என்றாள். “போயிடும்,” என்றார்.

முந்நூறு நாற்காலியில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். பேனர்களில் வரி இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. வாசலில் துரைக்கண்ணு சோறு பரிமாறும் அன்னக்கூடை ஒன்றை வைத்துக்கொண்டு நின்று, வருகிறவர்களின் கைபேசிகளை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். வல்லரசுவின் உத்தரவாம். அவன் அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தான்.

“வாலக்கா வந்துடுச்சு,” என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். ரஞ்சித் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பேச்சு ஒன்றும் இல்லை. பந்தயத்தில் ஒருவரும் ஜெயிக்கவில்லை என்று சர்புதீன் அறிவித்துவிட்டுப் புத்தகங்களை விநியோகித்தார். எல்லோரும் அங்கேயே படிக்க வேண்டும், முடித்தவர் முடிக்காதவரிடம் வாய் திறக்கக் கூடாது என்றான் வல்லரசு. பிறகு மண்டபத்தில் மின்விசிறிச் சத்தமும் தாள் புரளும் சத்தமும்தான்.

கலைப்பிரியா தன் பிரதியைத் திறக்கவில்லை. மேடையின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வல்லரசுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாகப் படிப்பவன். ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைப்பான். முன்வரிசையில் ஒருவர் முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். இன்னொருவர், “இதுக்கா?” என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே நாலைந்து பேர் எழுந்து போனார்கள். வல்லரசு நாற்பதில் இருந்தான். நாற்பத்திரண்டு. சிறுமி கேட்கத் தொடங்குகிற பக்கம். நாற்பத்தைந்தை அவன் புரட்டவில்லை. தாளின் மூலையைப் பிடித்தபடியே இருந்தான். அவன் உதடு அசைந்தது. பதில் சொல்லப் பார்ப்பவனைப் போல.

புரட்டினான்.

அவன் முகத்தை அவளால் படிக்க முடியவில்லை. புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், கிட்டே கொண்டுவந்தான். மூடி மடியில் வைத்துக்கொண்டு மண்டபக் கூரையைப் பார்த்தான். பிறகு எழுந்து மைக்கிடம் போனான். எப்போதும் அந்த வரியைச் சொல்லித்தான் விழாவைத் தொடங்குவான். கூட்டம் திருப்பிச் சொல்லும். இப்போது எதைச் சொல்வான் என்று நூறு தலைகள் நிமிர்ந்தன.

“இன்னும் படிக்காதவங்க நெறைய பேர் வெளிய இருக்காங்க,” என்றான். “குரூப்ப இன்னிக்கே பூட்டறேன். ஒரு மாசம். அந்தச் சொல்ல எவனும் ஸ்டிக்கர் போடக் கூடாது, ரீல்ஸ் போடக் கூடாது, கப்புல அடிக்கக் கூடாது. பாய், உங்களுக்கும்தான்.”

சர்புதீன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

“ஒரு மாசம் கழிச்சு?” என்றான் ரஞ்சித்.

“கழிச்சு நீ போடத்தான் போற. நான் சொன்னா கேக்கவா போற? அதுக்குள்ள படிக்கிறவன் படிச்சிக்கட்டும்.”

கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. ரஞ்சித்தும் சிரித்தானா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. துரைக்கண்ணு அவளைக் கடந்து போகும்போது நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்தார். மேடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். “நல்லா இருந்துச்சும்மா,” என்றார்.

அதன் பிறகுதான் கலைப்பிரியா தன் பிரதியைத் திறந்தாள். அச்சு நன்றாக வந்திருந்தது. எழுத்தின் அளவும் சரியாகத்தான் இருந்தது. நாற்பத்தாறாம் பக்கத்தில் ஓட்மார் குப்புறப் படுத்து வாயைத் திறந்தான். அவளுக்குக் கேட்டது ரஞ்சித்தின் கட்டைக் குரல். அந்தப் பழைய வரி. புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதே குரல். அத்தனை பேருக்காகவும் காப்பாற்றியது தனக்கு மட்டும் இல்லையோ?

பக்கத்து நாற்காலியில் வல்லரசு வந்து உட்கார்ந்து காலை நீட்டினான்.

“படிச்சிட்டியா?”

“அச்சுல இப்பத்தான்ண்ணே பாக்கறேன்.”

“எப்டி கேட்டுச்சு உனக்கு?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். “கேக்கலண்ணே. பழைய வரிதான் வந்து நிக்குது.”

அவன் ஆச்சரியப்படவில்லை. சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றி, இரண்டு மடிப்பு மட்டும் மேலே சுருட்டிக்கொண்டான்.

“எனக்கும் மொத தபா அதான் வந்துச்சு.”

“அப்புறம்?”

“மேடையில கூரைய பாத்துக்கினு இருந்தேன் இல்ல, அப்ப அந்தப் பொண்ணு கேட்டத மட்டும் திருப்பித் திருப்பி நெனச்சேன்.” அவன் அவள் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கி, பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளி, நாற்பத்திரண்டில் விரித்துக் கொடுத்தான். “இங்கருந்து படி. அவசரப்படாத. கட்டம் கட்டமா.”

வாசலில் அன்னக்கூடைக்குள் கைபேசிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அதிர்ந்தன. கலைப்பிரியா முதல் கட்டத்தில் விரலை வைத்தாள்.